கோணிய ஊஞ்சல்

போன வெள்ளிக்கிழமை பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் தலைகுனிந்து நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை!

என் சிநேகிதர் வெங்கிடுவின் கடை அது. கண்ணாடி ஜன்னலில் ஆடுகிற கல்யாண ஊஞ்சலைப் பார்க்காதவர்கள் திருவனந்தபுரத்தில் உண்டா? பட்டுடுத்திய பெண், பக்கத்தில் மாப்பிள்ளை — இரண்டும் மரப்பாச்சிகள். அடியில் பழைய கிராமபோனின் ஸ்பிரிங்; சாவி கொடுத்தால் ஊஞ்சல் ஆடும். கோயிலுக்கு வருகிற கூட்டம் அங்கே நிற்கும். நின்றவர்களில் பாதிப் பேர் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

பொம்மைகளுக்கு உடை தைத்தவள் வெங்கிடுவின் மகள் கோமதி. தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் புருஷனோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாள்.

மூன்று மாதம் முன்பு தந்தி வந்தது. காய்ச்சலாம்... அவன் போய்விட்டான். கோமதி தனியாகத் திரும்பினாள்.

வெங்கிடுவால் அந்த ஜன்னல் பக்கம் போக முடியவில்லை. கல்யாண சீசனில் ஊஞ்சலை எடுத்துவிடவும் துணிவில்லை. "என்ன பண்ணட்டும், சொல்லும் ஓய்?" என்றார்.

பத்திரிகையில் யோசனை சொல்வதுதானே என் பிழைப்பு? "மாப்பிள்ளைப் பொம்மையை மட்டும் எடுத்து உள்ளே வையும். அந்த இடத்தில் ஒரு பட்டுப்புடவையை மடித்து வைத்தால் போச்சு" என்றேன்.

புடவைக்குக் கனம் போதவில்லை. ஊஞ்சல் ஒருபக்கம் சாய்ந்து கண்ணாடியில் டக் டக்கென்று இடித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "எந்தா சாமி, கல்யாணச் செக்கன் ஓடிப்போயோ?" என்று ஒருவர் மலையாளத்தில் கேட்டே விட்டார். மாப்பிள்ளைப் பையன் ஓடிப்போய்விட்டானாம்!

இந்தப் பேச்சு அக்ரஹாரம் வரை போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோமதியே கடையில் வந்து நின்றாள். துக்கத்தில் இருக்கிறவள் கடைத்தெருவுக்கு வரலாமா என்று நாலு பேர் முணுமுணுத்திருப்பார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

"மாப்பிள்ளை எங்கேப்பா?"

வெங்கிடு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவளே அலமாரியைத் திறந்து பொம்மையை எடுத்தாள். அதன் வேட்டி மடிப்பைச் சரிசெய்து, பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என் கண்ணுலே படப்படாதுன்னு பிரிச்சு வெச்சேளா? அதுகளாவது சேர்ந்து இருக்கட்டும்ப்பா."

சாவி கொடுத்தாள். ஊஞ்சல் நேராக ஆடியது. வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். கோமதி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்?

வாரா வாரம் யோசனை கேட்டு எழுதுகிறீர்களே... கொஞ்ச நாளைக்கு என்னைக் கேட்காதீர்கள்.