ஜெயராணி வீடு மூன்றடி உயர்ந்த கதை

சிதம்பரத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஜெயராணியைத் தெரியும். புவனகிரிப் பக்கம் கிராம நர்ஸ் வேலை. தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், ஊசிக்குப் பயந்து பேரப்பிள்ளையை ஒளித்துவைக்கிற மாமியார்களை அதட்டி வெளியே கொண்டுவரச் சொல்லிப் பழகிய குரல். அந்தக் குரலுக்கு வீட்டுக்காரர்கள் எம்மாத்திரம்? குழாய் சொட்டினால் போன், பல்பு மினுக்கினால் போன். "வாடக வாங்குறீங்க இல்ல? வந்து பாருங்க" என்பாள். வந்து பார்ப்பார்கள்.

கடைசியாகக் குடியிருந்தது கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தில்லையம்மாள் வீட்டு மாடியில். தில்லையம்மாள் கணவரை இழந்தவர். அந்த வாடகைதான் அவருக்கு வருமானம். ஒரு நாள் மேல்தொட்டி ஒழுகுகிறது என்று ஜெயராணி படியில் நின்று சத்தம் போட்டபோது அவரும் பொறுமை இழந்தார்.

"நீயே சொந்தமா ஒரு வூடு வாங்கிப் பாரு. அப்பத் தெரியும், தொட்டி ஒழுவுறதுன்னா என்னான்னு!"

சாபம் மாதிரிதான் அவர் சொன்னார். ஜெயராணிக்கு அது யோசனையாகப் பட்டது. அடுத்த ஞாயிறே ஜெபம் முடிந்த கையோடு, கணவன் கதிர்வேலை இழுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

புறவழிச்சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நகரில் பழைய தளம் போட்ட வீடு கிடைத்தது. இரண்டு அறை, கொல்லையில் ஒரு முருங்கை. அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு மனை மட்டும்கூடக் கிடைக்காது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இறங்கிப்போக இரண்டு படி இருந்தது. ரோடு புதிதாகப் போடும்போதெல்லாம் மேலே மேலே போட்டு, ரோடு வளர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பள்ளத்துல இருக்கறது நல்லதுதான் மேடம்" என்றார் தரகர். "கத்திரி வெயில்லகூட ஏசி தேவைப்படாது."

கதிர்வேல் கடலூர் முதுநகரில், துறைமுகத்து மீனுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். குளிர்ச்சி என்றால் தன் துறை என்று நினைப்பு. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தான். "ஆமா ஜெயா, ஜில்லுனுதான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தான். பேங்க் கடன், சொசைட்டிக் கடன், ஜெயராணியின் செயின் எல்லாம் சேர்ந்து வீடு அவர்கள் பெயருக்கு வந்தது. பாதிரியார் வந்து ஜெபித்தார், பால் காய்ச்சினார்கள். தில்லையம்மாளும் வந்து ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்துவிட்டுப் போனார்.

குடிபோன இரண்டாவது வாரம் மோட்டார் நின்றுவிட்டது. ஜெயராணியின் கை தன்போக்கில் போனை எடுத்தது.

"அக்கா, மோட்டார் ஓடல. ஆளு அனுப்புங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த வூட்டு மோட்டாரு?" என்றார் தில்லையம்மாள்.

ஜெயராணி போனை வைத்துவிட்டாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி புதிதாகச் சுற்ற வேண்டும் என்றார்கள், சுற்றினாள். கரண்ட் பெட்டியை மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினாள். வீட்டு வரி பழைய பாக்கியோடு வந்தது, கட்டினாள். ஒவ்வொரு முறையும் யாரையாவது அதட்ட வேண்டும்போல இருக்கும். அதட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. கதிர்வேல் அந்த நேரங்களில் கடலூர் பஸ்ஸில் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் எட்டிப்பார்த்தது. பிறகு வாசல்வழியாகவே மரியாதையாக உள்ளே வந்தது. முழங்கால் தண்ணீரில் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கதிர்வேல் திடீரென்று குனிந்து, இரண்டு கையாலும் எதையோ அமுக்கிப் பிடித்தான். மீன்.

பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு, கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், மதில் மேலாக எட்டி, சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டுக்குள்ளும் அதே ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது.

"கதிர்வேலு, அது எங்க கெணத்துல நான் வுட்ட விராலு."

"சார், இது கெளுத்தி. மீன்ல எனக்கே பாடம் எடுக்காதீங்க."

"ரெண்டு பேரும் மொதல்ல தண்ணிய எறைங்க!" என்று ஜெயராணி போட்ட சத்தத்தில் மீன் நழுவி, கட்டிலுக்கடியில் போய்விட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு அவள் திருநாவுக்கரசிடமே கேட்டாள். "வருஷா வருஷம் தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியும் இல்ல சார்? நாங்க வூடு பாக்க வந்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னுதான் நர்சம்மா வந்தேன். ஏசி வேணாம்னு ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோஷமா பேசிகிட்டு இருந்தீங்க. கெடுக்க மனசு வரல."

வீட்டை விற்றுவிடலாம் என்றான் கதிர்வேல். ஜெயராணி சம்மதிக்கவில்லை. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரிதான் என்று வேலைக்குப் போன ஊரில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு விசாரித்தாள். தை பிறந்ததும் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரிக்கு வடக்கே பீகார். தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் ஒரு வாக்கியம் சுத்தமாக வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை முடியும்வரை குடியிருக்க இடம் வேண்டுமே. குறைந்த நாளுக்கு யாரும் வீடு தர ஒப்பவில்லை. கடைசியில் ஜெயராணி தில்லையம்மாள் வீட்டுப் படி ஏறினாள். மாடி அப்போதுதான் காலியாகியிருந்தது.

"தொட்டி இன்னும் ஒழுவுது" என்றார் தில்லையம்மாள் முன்னெச்சரிக்கையாக.

"பரவால்லக்கா."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அஸ்திவாரத்துக்கு மேலே சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி நிறுத்தினார்கள். தூக்குகிற நாள் தெருவே திரண்டு வந்தது. மேஸ்திரி சன்னல் கட்டையில் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவைத்தார். சிந்தினால் காசு வேண்டாம் என்று சைகை காட்டினார். விசில் அடித்தார். எல்லா ஜாக்கிகளையும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகினார்கள். மறுபடி விசில், மறுபடி ஒரு திருகு. கதிர்வேல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அசையவில்லை. அவனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

சில நாளில் வீடு மூன்றடி உயர்ந்துவிட்டது. இடைவெளியில் செங்கல் கட்டியதும், ஜெயராணி பெருமையாகத் தில்லையம்மாளைக் கூட்டிவந்து காட்டினாள். கொல்லைப்பக்கம் இன்னும் அடைக்காமல் விட்டிருந்த இடைவெளியில் இருவரும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். உள்ளே ஏதோ ஒன்று சரியில்லை. சன்னல் தலைக்குமேல் இருந்தது. சுவிட்சுக்குக் கை எட்டவில்லை. வாசற்படி இடுப்பு உயரத்தில் இருந்தது.

சுவரும் மேல்தளமும் மேலே போயிருந்தன. தரை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

"தரை?" என்றாள் ஜெயராணி.

மேஸ்திரி புன்னகைத்தார். "அது தனி, மேடம்."

"மண்ணு அடிக்கறது?"

"அது தனி."

"டைல்ஸ்?"

"அது தனி, மேடம்."

வாசலுக்குப் படி தனி. ஸ்கூட்டர் ஏறச் சரிவு தனி. கழிவுநீர்க் குழாய் அந்தரத்தில் தொங்கியது, அதை இணைப்பது தனி. முன்பு ஆள் உயரமாக இருந்த மதில் இப்போது இடுப்பளவு ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் உள்ளே சோறு தின்பதைப் பார்க்கலாம் என்பதால் அதையும் உயர்த்த வேண்டும், அது தனி. தில்லையம்மாள் சிரிப்பை முந்தானையால் மூடிப் பார்த்தார், முடியவில்லை. ஜெயராணிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இடுப்பு உயரத்தில் இருந்த தன் வீட்டு வாசற்படியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அந்தப் பழைய தரையில் உட்கார்ந்து, மேஸ்திரி பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அந்த வாரமே ஜெயராணி ஆள் கூட்டிவந்து தில்லையம்மாள் வீட்டுத் தொட்டியைப் பூசவைத்தாள். கூலியையும் தானே கொடுத்தாள். தில்லையம்மாள் மாடிக்கு ஓடிவந்தார்.

"என்னாத்துக்கு நீ குடுத்த? வாடகையில கழிச்சிக்கப் போறியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"தொட்டி பூசறதுக்கு எவ்ளோ ஆவும்னு இப்பதான் தெரிஞ்சிது."

தில்லையம்மாள் அந்த மாத வாடகையை வாங்க மறுத்தார். ஜெயராணி கொடுத்தே தீருவேன் என்றாள். இதற்காக இருவரும் படியில் நின்று போட்ட சண்டையைக் கேட்டு, பழைய தகராறு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சந்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தரை போட்டு, படி கட்டி, மதில் உயர்த்தி, வைகாசியில் ஜெயராணி வீடு திரும்பினாள். டைல்ஸ் ஹாலுக்கு மட்டும்தான். மற்ற அறைகளுக்குச் சிமெண்டுத் தரை, அடுத்த போனஸ் வரும்வரை. தரகர் சொன்ன ஜில்லென்ற குளிர்ச்சி போய்விட்டது. வீடு உயர்ந்ததும் வெயில் நேராக அடித்தது. ஒரு ஏசியும் வாங்க வேண்டியதாயிற்று. கதிர்வேல் இந்த முறை சுவரில் கை வைத்துப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில்தான் பெரிய மழை. தண்ணீர் தெருவை நிறைத்து, ஜெயராணி வீட்டின் மூன்றாவது படிவரை வந்து நின்றுவிட்டது. அவள் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாகக் கொடுத்த பணமெல்லாம் அந்த ஈரக்கோட்டுக்கு மேலே தெரிந்த உலர்ந்த சிமெண்டாகக் கண்ணில் பட்டது.

திருநாவுக்கரசு தலையில் அரிசி மூட்டையோடு தண்ணீரில் நடந்து வந்தார். பின்னால் அவர் மனைவி டிவியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார்.

"நர்சம்மா, ஒங்க வூடு ஒசந்ததுலேருந்து எங்க வூட்டுக்குத் தண்ணி ஜாஸ்தியா வருது. ஒங்க பங்கும் சேந்து எங்களுக்குத்தான்."

"உள்ள வாங்க சார். கால மட்டும் தொடச்சிட்டு வாங்க, டைல்ஸ் புதுசு."

அவர்களைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஆட்டையும் கூட்டிவந்தார்கள். மத்தியானத்துக்குள் ஹாலில் உட்கார இடமில்லை. கதிர்வேல் பெரிய குண்டானைத் தேடி எடுத்து டீக்கு அடுப்பில் ஏற்றினான். பால் பாக்கெட் வாங்க முழங்கால் தண்ணீரில் கடைக்குப் போய்வந்தான். ஜெயராணி வந்தவர்களை அதட்டி வரிசையாக உட்காரவைத்து, சேற்றுக்காலில் யாருக்கெல்லாம் புண் இருக்கிறது என்று பார்த்து மருந்து போட்டாள். ஆடு ஏசிக்கு நேர் கீழே இடம் பிடித்துப் படுத்துக்கொண்டது.