வெந்நீர் ஊற்றிய கை

கடைசிப் பத்துப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு துணிக் கிளிப்பை மாட்டிய பிறகுதான் அவர் முதல் பக்கத்தைத் திறப்பார். புரட்டும்போது முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். படித்த இடத்துக்கு அடையாளமாக இன்னொரு கிளிப். கொண்டைக்குள் செருகிய பென்சில் ஒன்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலைத் தேநீர் இடைவேளை பன்னிரண்டு நிமிடம். அதில் தேநீருக்கு இரண்டு நிமிடம், பேய்க்குப் பத்து நிமிடம் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறார்.

"டீ ஆறிப்போச்சுக்கா" என்பாள் மடிப்பு மேசையில் வேலை செய்யும் பெண்.

"ஆறட்டும். இங்க ஒருத்தன் கழுத்துல இப்பத்தான் கை வச்சிருக்கு."

வயது ஐம்பத்திரண்டு. கூட வேலை செய்பவர்கள் ‘பேயக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். பேயை நம்புகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து நெருங்கினால் அடி வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். "இருபத்து மூணு வருஷமா செத்தவங்க போர்வையத் தொவைக்கிறேன். ஒருத்தராவது வந்து ‘என் போர்வை எங்க’ன்னு கேட்டதில்ல. பேய்னு ஒண்ணு இருந்தா மொதல்ல எங்க கவுன்டருக்குத்தானே வரணும்?" இந்தப் பொருளில் இதைவிடச் சுருக்கமான வாதத்தை நான் எந்தப் பகுத்தறிவு நூலிலும் படித்ததில்லை.

அவர் படிப்பது ஒரே எழுத்தாளரை. திகில் நாவல்கள், மொத்தம் இருபத்தெட்டு. சோப்புத்தூள் பீப்பாய்களுக்கு மேலே உள்ள பலகையில் இருபத்தெட்டும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் குறிப்பு. "எல்லா புக்குலயும் கதவு கிறீச்சிடுது. அந்த ஊர்ல எண்ணெய் விட ஒரு ஆள் கிடையாதா?" என்பது ஒன்று. எட்டாவது நாவலில் பாசி படிந்த கிணற்றிலிருந்து வெள்ளை உடுப்போடு பேய் ஏறி வருகிறது. உடுப்பில் ஒரு கறை இல்லை. அதற்குப் பக்கத்தில்: "என்ன சோப்புன்னு கேட்டுச் சொல்லவும். ஆஸ்பத்திரிக்கு வாங்கலாம்." ஆறாவது நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி ஒரு குறிப்பு, எழுத்தும் சற்றுச் சிறியது: "இங்கே பயந்தேன்."

இவ்வளவு குறை சொல்பவர் எதற்காக விடாமல் படிக்கிறார் என்று கேட்டேன். "நல்லா எழுதறாரு, அதான். சுமாரா எழுதறவன் தப்பு விட்டா எனக்கென்ன, எவனோ போறான்."

நூலகத்து மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எழுத்தாளரின் வாசகர் வட்டம் கூடுகிறது. செயலாளர் ஒரு பல் மருத்துவர். வட்டத்தில் பேயக்கா பேச எழுந்தால் நாலைந்து பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "அம்மா, கதைன்னா இதையெல்லாம் நோண்டக் கூடாது. அனுபவிக்கணும்" என்றார் பல் மருத்துவர் ஒருமுறை.

"போன மாசம் கதாநாயகன் ஓட்டற கார் அந்த வருஷம் வெளிவரவே இல்லைன்னு ஒண்ணரை மணி நேரம் நோண்டினீங்களே டாக்டர்?"

"அது தகவல் பிழைம்மா."

"அப்ப இது என்ன, அழுக்குப் பிழையா?"

கார் தெரிந்தவன் சொன்னால் ஆராய்ச்சி. சலவை தெரிந்தவள் சொன்னால் தொணதொணப்பு. படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தத் தராசு ஒருபோதும் நேராக நிற்பதில்லை.

அவர் மிக அதிகமாகப் படித்ததும் மிக அதிகமாகத் திட்டியதும் ‘ஏழாவது விரிப்பு’ என்ற நாவலை. பெரிய வீட்டு முதலாளி படுக்கையில் குத்திக் கொல்லப்படுகிறார். மறுநாள் காலை கொடியில் ஒரு விரிப்பு தொங்குகிறது. யாரோ கொதிக்கும் வெந்நீரில் போட்டுத் துவைத்திருக்கிறார்கள், ஆனாலும் நடுவில் பழுப்புக் கறை. அந்த வீட்டில் துணி துவைப்பவள் வேலைக்காரி. அவளைப் பிடித்து ஊரே அடித்துக் கொல்கிறது. அவள் பேயாக வந்து, கொன்றது முதலாளியின் மகன்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். இந்த நாவலின் நாற்பதாம் பக்கத்தில் ‘வெந்நீர்’ என்ற சொல்லுக்கு அடியில் பேயக்கா போட்ட கோடு, தாளையே கிழித்திருக்கிறது. "ரத்தத்துல வெந்நீர் ஊத்துவாளா ஒருத்தி? அவ என்ன நேத்திக்கா தொவைக்க வந்தா? இத்தனை நல்ல கதைல இப்படி ஒரு கறை!" பத்தொன்பது வருடமாக இதே புலம்பல்.

போன வருடம் அது படமாக வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் காட்சிக்கே போனார். எட்டு அறை வீடு அரண்மனையாகியிருந்தது. பேய்க்கு ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள். கொலை நடந்து மூன்று நாள் கழித்தும் சுவரில் ரத்தம் செக்கச்செவேல் என்று வழிந்தது. "ஒரு மணி நேரத்துல பழுப்பாகாதா? பெயின்ட்டக் கொட்டி வச்சிருக்கானுங்க" என்று இவர் சத்தமாகச் சொல்ல, முன்வரிசைக்காரர் திரும்பி, "ஏங்க, பயப்பட விடுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார்.

அதுவரைக்கும் வேடிக்கைதான். படத்தின் முடிவில் வேலைக்காரியே நகைக்காக முதலாளியைக் கொன்றிருந்தாள். மகன் கதாநாயகன்; அவன் அந்தக் கெட்ட பேயை எரித்துச் சாம்பலாக்குகிறான். அரங்கில் கைதட்டல். பேய் உண்டு என்று நம்புவது மூடத்தனம். வேலைக்காரி என்றால் திருடியாகத்தான் இருப்பாள் என்று நம்புவது அதைவிடக் கொடிய மூடத்தனம். முதல் மூடத்தனத்தால் யாருக்கும் வேலை போவதில்லை. பேயக்கா கைதட்டல் அடங்கும் வரை எழுந்திருக்கவில்லை. "செத்தவளத் திரும்பவும் அடிச்சுக் கொன்னுட்டானுங்க" என்றார் மறுநாள், தேநீரைத் தொடாமல்.

பிறகு வட்டத்தில் ஒரு சேதி வந்தது. நாவலுக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது. படத்தின் முடிவே இனிப் புத்தகத்தின் முடிவு. அடுத்த கூட்டத்துக்கு எழுத்தாளரே நேரில் வருகிறார். பல் மருத்துவர் மாலைக்கும் கேக்குக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கினார். பேயக்கா ஒரு முழு வாரம் யாரோடும் சண்டை போடவில்லை. சலவைக்கூடமே பயந்துபோனது.

அந்த வாரத்தில்தான் அறுவைக்கூடத்து விரிப்புகள் நாற்பது, இயந்திரத்திலிருந்து பழுப்புக் கறையோடு வெளியே வந்தன. டை கட்டிய புதிய மேற்பார்வையாளர், அன்று பணியிலிருந்த மடிப்பு மேசைப் பெண்ணை நிறுத்தி வைத்து, "நாளைலேருந்து வரவேண்டாம்" என்றார். அவள் அழுதாள். பேயக்கா ஒரு விரிப்பை எடுத்து அவர் முகத்துக்கு நேரே உதறினார்.

"சார், ரத்தத்துக்கு மொத அலசல் பச்சைத் தண்ணி. சூடு பட்டா கறை துணியோட குடும்பம் நடத்த ஆரம்பிச்சுடும், அப்புறம் யாரு வந்தாலும் பிரிக்க முடியாது. இது மொத அலசலே வெந்நீர்ல ஓடியிருக்கு. மெஷின் சாவி யார்கிட்ட இருக்கு?"

மேற்பார்வையாளரின் கை சட்டைப்பைக்குப் போனது. "நேரம் மிச்சமாகுமேன்னு ஒரு சின்ன மாற்றம்..."

"அதான பார்த்தேன். எங்க ஆளுங்க தூக்கத்துல தொவைச்சாக்கூட இந்தத் தப்பு வராது. இது தொவைச்சே பழகாத கை பண்ணின வேல..."

வாக்கியம் அப்படியே நின்றது. விரிப்பை மேற்பார்வையாளரின் தோளிலேயே போட்டுவிட்டுப் புத்தகப் பலகையை நோக்கி ஓடினார். நாற்பதாம் பக்கம். "அடப்பாவி மனுசா! பத்தொம்பது வருஷமா உன்னத் திட்டினேனே!"

மடிப்பு மேசைப் பெண்ணுக்கு வேலை தங்கியது. பேயக்காவுக்கு உறக்கம் போனது, சந்தோஷத்தில்.

கூட்டத்தன்று வாசலிலேயே பல் மருத்துவர் மறித்தார். "அம்மா, ஒரே வேண்டுகோள். இன்னிக்கு மட்டும் சலவை வேண்டாம்."

"ஒரே ஒரு துணிதான் டாக்டர். அலசிட்டுப் போயிடறேன்."

எழுத்தாளர் ஒல்லியான மனிதர். இருபத்தெட்டு ஊர்களைக் கதிகலங்க வைத்தவர், ஒலிபெருக்கி கரகரத்ததும் திடுக்கிட்டார். முடிவை மாற்றியதற்குக் காரணம் சொன்னார். "படம் எடுத்தவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. அவ கொல்லலைங்கறதுக்கு என்ன ஆதாரம்? பேய் சொல்லுது, பேய்க்குப் பயந்து அவன் ஒத்துக்கறான். அது செல்லுமா? எனக்கு பதில் தெரியலை."

பேயக்கா எழுந்தார். "ஆதாரம் நாப்பதாம் பக்கத்துல இருக்குங்க. நீங்கதான் எழுதியிருக்கீங்க."

பல் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விரிப்ப வெந்நீர்ல தொவைச்சிருக்கு. அதான் கறை நின்னுடுச்சு. தொவைக்கிறவ எவளும் ரத்தத்துல வெந்நீர் ஊத்த மாட்டா, கை தானாப் பச்சைத் தண்ணிக்குத்தான் போகும். அவ தொவைச்சிருந்தா கறையே இருந்திருக்காது, அவளப் பிடிச்சிருக்கவும் மாட்டாங்க. அந்த வீட்ல பொறந்ததுலேருந்து ஒரு கைக்குட்டைகூட அலசாதவன் யாரு?"

எழுத்தாளர் நாற்பதாம் பக்கத்தைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தார். "மகன்" என்றார், யாரோ எழுதிய கதையைக் கேட்பவர் போல. பிறகு, "அம்மா, உண்மையச் சொல்லிடறேன். வெந்நீர்னு நான் தெரியாமத்தான் எழுதினேன்."

"தெரியுங்க. அதுக்குத்தான் இத்தனை வருஷமா உங்கள வசைபாடிட்டிருக்கேன்."

முதலில் சிரித்தது எழுத்தாளர்தான். பிறகு பல் மருத்துவரிடம் ஒரு தாள் கேட்டார். கேக் பெட்டியின் மேல் வைத்து, "பச்சைத் தண்ணி, அப்புறம்?" என்று எழுதிக்கொண்டே போனார். முடிவை மீட்பதாக வாக்குக் கொடுக்கவில்லை; பதிப்பாளர் இருக்கிறார், பட நிறுவனம் இருக்கிறது, பார்க்கலாம் என்றார். "பாருங்க" என்றார் பேயக்கா. "அப்படியே அந்தக் கதவுக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டுடுங்க."

நான்கு மாதம் கழித்துச் சலவைக்கூடத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே நாவலின் புதிய பதிப்பு. அட்டையில் சினிமாப் பேய், செக்கச்செவேல் ரத்தத்தோடு. தேநீர் இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. பேயக்கா கையுறையைக் கழற்றினார். கிளிப்பை எடுத்தார், ஒரு கணம் பார்த்தார், மாட்டாமல் பைக்குள் போட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கங்களைத் திறந்தார்.

"என்னக்கா, மாத்திட்டாரா? அவ திருடியா?" என்று மடிப்பு மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள் அந்தப் பெண்.

இயந்திரம் ஒரு சுற்று முடித்துத் தண்ணீரை வடித்தது. அதன் பிறகுதான், "இல்லடி. நீதிமன்றம். சலவைக்காரி ஒருத்தி கூண்டுல ஏறி நிக்கறா, விரிப்ப விரிச்சுக் காட்டறா. செத்துப்போன வேலைக்காரி கொல்லலைன்னு தீர்ப்பாயிடுச்சு" என்றார். மறுபடி அந்தப் பக்கத்தை, இந்த முறை மெதுவாக, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். சலவைக்காரியின் சாட்சியத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது. ‘நானாக இருந்தால் பச்சைத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப் போட்டிருப்பேன்.’

"ஒரு வாரமா?"

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, பக்கத்தின் ஓரத்தை உள்ளங்கையால் நீவி விட்டார்.