ஐந்தருவி இறக்கத்தில் பஞ்சாகிப்போன பிரேக் பெடல்

சாரல் காலத்தில் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு குற்றாலம் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வதை மகள் எழுதுகிறாள். அறுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம். அச்சன்புதூர் நெசவாளர் மொய்தீன் பாய், தன்னையும் சேர்த்துக் குடும்பத்தார் பதினெட்டுப் பேரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போக நான் ஓட்டிய லாரியைப் பேசினார். வாடகை முப்பது ரூபாய்.

காலை ஆறுக்குக் கிளம்பி ஏழுக்குத் தென்காசி. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தால் பாதிக்கும் கீழே. மோட்டார் சாமான் கடை திறக்க ஒன்பதாகும். மூன்று மைல் தாண்டிக் குற்றாலம் போனதும், அருவிக்கரையில் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் நல்லெண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டேன். எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஐந்தருவிக்கு மூன்று மைல் ஏற்றம், பிரேக்குக்கு வேலையில்லை. குளித்துச் சாப்பிட்டு எல்லாரும் ஏற மணி இரண்டு. நூறு கஜம் இறங்கியதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மூன்று தடவை அடித்து மிதித்தால் பிடிக்கிறது; மிதித்தபடி வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறது. கீழே கடைவீதி நிறைய ஈரத்தலையோடு ஜனம். பின்னால் பதினேழு பேர். அதில் பாயின் மகள் மடியில் ஆறு மாதப் பிள்ளை.

என் பக்கத்தில் இருந்த பாய் என் காலையே பார்த்தார்.

“என்ன தம்பி, பெடல் தரையத் தொடுதே?”

“ஒண்ணுமில்ல பாய்.”

“ஒண்ணுமில்லைன்னா இந்தச் சாரல்ல ஏன் வேர்க்குது?”

ஒன்றாம் கியர் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். டயருக்குக் கல் வைத்தோம். எந்தச் சக்கரத்திலும் கசிவில்லை. பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். ரப்பர் வாஷர் ஊறிப் பருத்துக் கொழகொழவென்று இருந்தது. பாய் அதை வாங்கி முகர்ந்தார்.

“ஏ தம்பி, லாரிக்கும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினீரோ?”

“நாந்தான் ஊத்தினேன் பாய். கடை திறக்கல.”

“காலையில சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரம் காத்துக் கெடக்க மாட்டோமா?”

எல்லாரையும் இறக்கிக் கடைவீதிக்கு நடக்கச் சொன்னார். அவர் மட்டும் வண்டியோடு இருந்தார். நான் பஸ் ஏறித் தென்காசி போய்ப் புது வாஷரும் பிரேக் எண்ணெயும் வாங்கிவர இரண்டரை மணி நேரம். சிலிண்டரை ஸ்பிரிட்டால் கழுவி மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தோம். தறி மிதித்துப் பழகிய கால் பாய்க்கு. மிதி, பிடி, விடு என்று நான் சொல்லச் சொல்லப் பிசகாமல் செய்தார். குமிழி நின்று எண்ணெய் மட்டும் வந்தது. பெடல் கல்லாக நின்றது.

வண்டி நகரும் முன்பே பெடலை மிதித்து முப்பது எண்ணும்வரை பிடித்துப் பாருங்கள். பெடல் மெல்ல இறங்கினால் கிளம்பாதீர்கள். பிரேக் எண்ணெய்க்குப் பதில் வேறெதையும் ஊற்றாதீர்கள். ஊற்றித் தொலைத்தால் கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு மணிக்குக் கடைவீதி வந்தோம். எல்லாரும் ஏறினார்கள். பாயின் மகள் மட்டும் பிள்ளையோடு நின்றாள்.

“வாப்பா, நான் பஸ்ஸுல வாரேன்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் ஏறிய பஸ்ஸை முந்தாமல் அச்சன்புதூர் வரை பின்னாலேயே ஓட்டினேன்.