திரும்பி வராத பாடு

"நாலு எழுத்து படிச்சுட்டா கோர்ட்டு காயிதம் புரிஞ்சுடுமா?" என்று நைனா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். காகிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டை அடமானம் வாங்கியவர் வழக்குப் போட்டிருந்தார். கடனைக் கட்ட நீதிமன்றம் கொடுத்த கெடுவில் மூன்றே நாள் பாக்கி.

"தாண்டினா இன்னா? அடுத்த பாடு வராமலா போவும்?"

ஏரியில் அவரவர் முறை வரும்போதுதான் வலை விடுவோம். அந்த முறைதான் பாடு. ஒன்று தவறினாலும் சில நாளில் திரும்பி வரும். நீதிமன்றமும் அப்படியே என்று அவர் நம்பினார்.

"இது வராது நைனா. கடைசித் தீர்ப்பு வந்துட்டா, அப்பால காசோட போனாலும் வீட்டை மீட்க நமக்கு உரிமையே இல்ல."

அவர் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெடு முடிந்த மறுநாள் கடன் கொடுத்தவரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வாசலிலிருந்து கொல்லைவரை டேப் பிடித்து அளந்தார்கள். சமைத்துக்கொண்டிருந்த அம்மாவை நகரச் சொல்லி, அடுப்படியையும் அளந்தார்கள். நைனா பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் போனதும், "இன்னும் எத்தினி நாளு இருக்குது?" என்று என்னைத்தான் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. கடைசித் தீர்ப்பு எந்த நாளிலும் வரலாம்; அதற்கு முன் கேட்டால் நீதிமன்றம் கெடுவை நீட்டலாம். அவரிடம் கைநாட்டு வாங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் பொன்னேரி நீதிமன்றத்துக்குப் போய், அவகாசம் கேட்டு மனுப் போட்டுவிட்டேன்.