தூக்குக்கோல் மாப்பிள்ளை

மிசாவோ வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தபோது கென்சாகு சீராகக் கொண்டுவந்தது எடை பார்க்கும் ஒரு தூக்குக்கோலைத்தான். கடலோர ஊரில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் நாலாவது பிள்ளை அவன். மீன்காரி கொடுக்கும் மத்தியை வாசலிலேயே நிறுத்துப் பார்ப்பான். ஊர்க் குளியல் கூடத்தில் தன் செருப்பை ஒரு தடவை, பக்கத்துச் செருப்புக்குச் சொந்தக்காரனை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வெந்நீரில் இறங்குவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்குப் பட்டப்பகலில் நிற்பவனும் திருடன்தான்.

ஆனால் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மிசாவோ மரக்கிண்ணம் கடையும் கடைசலை விட்டு எழுந்திருக்க மாட்டாள்; மரம் வாங்குவது, பேரம் பேசுவது, சோறு வடிப்பது எல்லாம் அவன்தான்.

நான் இசோ. யமனாக்காவில் ஆறேழு கடைசல் வீடுகளுக்குப் பொதுவான புகைக்கொட்டகையில் தீ பார்ப்பவள். பச்சை மரத்தில் தடிமனாகக் கடைந்த கிண்ணங்களை அடுக்கி, கீழே மரச்சீவலைப் புகையவிட்டு, ஈரத்தை முழுக்க இழுத்துவிடுவேன். அதோடு முடியாது. பிறகு அவற்றை இறவாரப் பலகையில் மாதக்கணக்கில் விட்டுவைப்போம். எலும்பாய்க் காய்ந்த மரம் ஊர்க்காற்றின் ஈரத்தை வேண்டிய மட்டும் குடித்துவிட்டு அடங்கும். அடங்கிய பிறகுதான் கடைசிக் கடைசல். மிசாவோ இதைத் தாய்ப்பாலோடு குடித்தவள். புருஷனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் வெந்நீர் விடுதி ஒன்று மூடி போட்ட கிண்ணங்கள் கேட்டிருந்தது. அவள் அப்பா போனபிறகு வந்த முதல் பெரிய வேலை. இதில் சறுக்கினால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கென்சாகு தூக்குக்கோலோடு வந்து நின்றான்.

“இசோ அக்கா, புகையிலேர்ந்து எடுத்த அன்னிக்கே இந்தக் கிண்ணத்தை நிறுத்து வச்சிருந்தேன். இப்ப எடை கூடியிருக்கு.”

“கூடத்தானே செய்யும் மாப்பிள்ளை. அதுக்குத்தானே வெளியில வச்சிருக்கு.”

“சும்மா இருக்கற பொருள் எப்படிக்கா கூடும்? எங்க மண்டியில எடை கூடினா ஒரே அர்த்தம்தான். யாரோ தண்ணி தெளிச்சிருக்காங்க.”

“யாரோன்னா? இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்! மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.”

“நான் யார் பேரையும் சொல்லலியே,” என்றான், என் தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டே.

தீ மீறினால் அணைக்க வைத்திருக்கும் வாளி அது! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “அப்ப எடுத்துட்டுப் போ! பொண்டாட்டி கிண்ணத்தை மடியில கட்டிக்கிட்டுத் திரி!” என்று கத்தினேன். அதை அப்படியே செய்வான் என்று யார் கண்டது?

நான் சாப்பிடப் போன நேரத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டான். தகரம் அடித்த தேயிலைப் பெட்டிகளில் போட்டு, கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறான். ‘அடங்கிடுச்சுன்னு இசோ அக்கா குடுத்தாங்க’ என்று மிசாவோவிடம் பொய் வேறு. கையில் லேசாக இருக்கிறதே என்று அவளுக்குப் பட்டதாம். ஆனாலும் என் பேரைச் சொன்னதால் நம்பிவிட்டாள்.

முதல் கிண்ணத்தையும் மூடியையும் கடைந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் பார்த்தால் கிண்ணம் முட்டை வடிவத்துக்குக் கோணியிருந்தது, மூடி ஆடியது.

ராத்திரியே நிறுத்து வைத்திருந்த அதைக் கென்சாகு மறுபடி நிறுத்துப் பார்த்தான். “எடை கூடியிருக்கு,” என்றான். அப்புறம் அவளைப் பார்த்தான். “வீட்டுல நாம ரெண்டு பேர்தானே இருந்தோம்.”

“நானா? என் வேலையை நானே கெடுத்துக்கிட்டேனா?”

அவள் பெட்டியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து, தூக்குக்கோலை உத்திரத்தில் மாட்டி, கோல் சமமாக நிற்கும்படி குண்டை நகர்த்தினாள்.

“உட்காருங்க. நானும் எதிர்ல உட்காரறேன். யாரும் தொடக்கூடாது. சாயங்காலமும் இப்படியே நின்னுச்சுன்னா நான்தான் திருடி. கிண்ணம் இறங்கினா, உங்க ஊருக்கு வண்டி பார்த்துக்குங்க.”

வெளியே தூறல் விடவில்லை. மதியத்துக்குள் கிண்ணப் பக்கம் தாழ்ந்துவிட்டது. அவன் முடிச்சைப் பார்த்தான், உத்திரத்தைப் பார்த்தான், அவள் சட்டைக்கை மடிப்பைக்கூடப் பார்த்தான். குண்டை மறுபடி சமம் செய்துவிட்டு உட்கார்ந்தான். அது மறுபடி தாழ்ந்தது.

கடைசியில் மிசாவோ அவனை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நான் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன். கிண்ணங்களை அக்காவிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று மட்டும் சொன்னாளாம்.

சாயங்காலம் பெட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு வந்தான்.

“எடை போட்டு வாங்கிக்கட்டுமா மாப்பிள்ளை?” என்றேன். பல நாள் அடைகாத்த வார்த்தை.

அவன் பெட்டிகளை இறக்கிவைத்தான். வாசல்படியில் நனைந்தபடியே உட்கார்ந்தான்.

“அக்கா, அரிசியும் இப்படித் தானா ஈரம் குடிக்குமா?”

“எதுக்குக் கேக்கறே?”

“எங்க மண்டியில யோசுகேன்னு ஒரு பெரியவர் இருந்தாரு. மழைக்காலத்துல மூட்டை எடை கூடிடுச்சு. அரிசியை எடுத்துட்டுத் தண்ணி தெளிச்சு ஈடுகட்டினார்னு அப்பா துரத்திட்டாரு. தெளிக்கலைன்னு கால்ல விழுந்தாரு. கோல் பிடிச்சது நான்தான்.”

அரிசி வேறு, மரம் வேறு என்று சொல்லியிருக்கலாம். அவன் முகம் அதைத்தான் கெஞ்சியது. என் வாளியைப் பார்த்த கண்ணின்மேல் எனக்கு அந்த இரக்கம் வரவில்லை.

“குடிக்கும்,” என்றேன். “போய் அவர் கால்ல விழு.”

“போன வருஷமே செத்துட்டாருக்கா. திருடன்கிற பேரோடயே.”