ஒன்பதாம் கட்டில் பட்டன்

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் 'பட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். வயதில் நான் மூத்தவன், ஆனாலும் எனக்கும் அவர் அக்காதான். கேலியாக வைத்த பெயர் அது. வைத்தது நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது போட்டுக் கொடுப்பதற்குள்.

நான் ஈயம் பற்றவைக்கிறவன். மின்சுற்றுப் பலகையில் கம்பிகளைச் சேர்ப்பது என் பிழைப்பு. அவர் மேசை என் மேசைக்கு நேர் எதிரே. நான் கிளப்பும் ஈயப்புகையில் பாதி நான்கு வருஷமாக அவர் மூக்குக்குத்தான் போயிருக்கிறது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மின்விசிறியை மட்டும் என் பக்கம் திருப்பிவிடுவார்.

படித்தது கணினிப் படிப்பு. கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள் என்று பதினோரு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டார். திரும்ப வேலை கேட்டு வந்த அன்று எங்கள் முதலாளி, "இத்தனை வருஷம் என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டாராம். "தூங்கல சார், அது மட்டும் நிச்சயம்" என்றாராம் இவர். முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு வேலையும் கொடுத்தார்.

போன வருஷம் எங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. நோயாளி பட்டனை அமுக்கினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். திரை, நெட்வொர்க் என்று ஜம்பமான வேலைகளை எல்லாம் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது பட்டன். "தொட்டா மணி அடிக்கணும், அவ்வளவுதானே?" என்று முதலாளி அதை இவர் தலையில் கட்டினார்.

அவ்வளவுதான் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவதைக் கெர்னல் என்பார்கள். பட்டன் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியவைக்க அதற்குள்ளேயே ஒரு நிரல் எழுத வேண்டும், அதுதான் டிரைவர். சாதாரண நிரலில் தப்பு செய்தால் அந்த நிரல் மட்டும் படுக்கும். கெர்னலுக்குள் தப்பு செய்தால் மொத்தப் பெட்டியும் கட்டையாகிவிடும்.

முதல் வாரம் பதினேழு முறை கட்டையானது. நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. கடைசியில் காரணம் பிடிபட்டது. பட்டனிலிருந்து தகவல் வந்ததும் கெர்னல் மற்ற வேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடிவரும். அந்த நேரத்தில் நிரல் எதற்காகவும் காத்துக்கொண்டு தூங்கக் கூடாது. இவருடையது தூங்கியிருக்கிறது. மறுநாள் வந்து சொன்னார், "வீட்டுக்காரர்கிட்ட விளக்கினேன். 'ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டுத் தூங்கினா வண்டி பின்ன எங்க போகும்'னு கேட்டார். ஒரே நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டார்." வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டில் இப்போது இரண்டு டிரைவர் என்று நான் சொன்னேன். அதற்கும் மின்விசிறியைத்தான் என் பக்கம் திருப்பினார்.

பெட்டி எழுந்து நின்றதும் அடுத்த தலைவலி. பட்டனுக்குள் இருப்பது இரண்டு உலோக நாக்குகள். அமுக்கியதும் அவை ஒழுங்காக ஒட்டிக்கொள்வதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏழெட்டு முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கும். கணினி ஒவ்வொரு துள்ளலையும் தனித்தனி அமுக்கலாக எடுத்துக்கொள்ளும். பரிசோதனைக்காகப் பன்னிரண்டு கட்டிலில் மாட்டினோம். முதல் நாளே ஒரு அமுக்கலுக்கு ஏழு முறை மணி அடித்தது. தலைமை நர்ஸ் முதலாளியைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பட்டன் அக்கா ஒரு வழி செய்தார். துள்ளல் வந்தால் உடனே நம்பாதே, கொஞ்சம் பொறு. அதற்குள் மறுபடி துள்ளினால் மறுபடி முதலிலிருந்து பொறு. முழுதாக அடங்கிய பிறகு பார், அப்போதும் அமுங்கியிருந்தால்தான் மணி. முதலில் பொறுமை கொஞ்சமாக வைத்தார், புகார் வந்தது, கூட்டினார். கடைசியில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு ஒரு அமுக்கலுக்கு ஒரே மணி. தலைமை நர்ஸே பாராட்டினார். முதலாளி எல்லார் முன்னாலும் கை தட்டினார். நானும் தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒன்பதாம் கட்டிலிலிருந்து புகார் வந்தது, எத்தனை அமுக்கினாலும் மணியே அடிப்பதில்லை என்று.

அந்தக் கட்டிலில் இருந்தவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து கழுத்தில் அடி. உயிருக்கு ஆபத்தில்லை, நடக்கவும் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் மாதக்கணக்காகும். அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். வீடே இப்போது அந்த அம்மாவின் வேலையில்தான் ஓடுகிறது. துணைக்கு இருக்க எடுத்த லீவு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, அதற்கு மேல் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் தானாக மணி அடித்துக் கூப்பிட முடியாத நோயாளியைத் தனியே விட அந்த ஆஸ்பத்திரியில் அனுமதி இல்லை. கூட ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். இவரோ ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை என்கிறார்கள் நர்ஸுகள்.

வியாழக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் கம்பிகளைச் சோதித்தேன், எல்லாம் கச்சிதம். பட்டன் அக்கா அமுக்கினார், மணி அடித்தது. நான் அமுக்கினேன், அடித்தது.

"அவர் அமுக்குறாருங்க," என்றார் மனைவி. "என் கண்ணால பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

பட்டன் அக்கா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்கம்மா. யார் எப்போ அமுக்கினாலும் இதுல பதிவாயிடும். மத்த கட்டில் எல்லாம் இருக்கு. உங்க கட்டில்ல இப்போ நாங்க அமுக்கினதைத் தவிர ஒண்ணுகூட இல்ல."

கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் நானும் பதிவைத்தான் நம்பினேன்.

அந்த அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பதிவை எழுதுறது யாருங்க?"

"என்னோட டிரைவர்தான்."

"மணி அடிக்கிறது?"

"அதுவும் அதுதான்."

"அப்போ உங்க டிரைவர் சரியான்னு உங்க டிரைவரையேதானே கேக்குறீங்க?"

பட்டன் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கெர்னல் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். எந்தக் கம்பியிலிருந்து எத்தனை முறை தகவல் வந்தது என்று அதுவே குறித்துவைக்கும், டிரைவர் என்ன முடிவு செய்தது என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. பெட்டிகளை மாட்டிய நாளிலிருந்து அணைக்கவே இல்லை என்பதால் அந்தக் கணக்கு முழுதாக இருந்தது, அதைத் திறந்து பார்த்தார். மற்ற கட்டில்களில் எண்ணூறு, தொள்ளாயிரம். ஒன்பதாம் கட்டிலில் ஆறாயிரத்துச் சொச்சம்.

"கொஞ்சம் அமுக்குங்கண்ணா," என்றார் கட்டிலில் இருந்தவரிடம்.

அவர் அமுக்கினார். கை நடுங்கியது. விரல் பட்டனை விட்டும் தொட்டும் விட்டும் தொட்டும் தவித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்க அமுக்க, திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. மணி அடிக்கவில்லை. ஓய்ந்து கையை எடுத்தார். எடுத்த பிறகுதான் எல்லாம் அடங்கியது. அடங்கிய பிறகு டிரைவர் பார்த்தபோது பட்டன் அமுங்கியிருக்கவில்லை.

அவருடைய ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அது முதலிலிருந்து பொறுத்திருக்கிறது. பதினைந்து நாளாக அவர் கூப்பிட்டதை எல்லாம் உலோகத்தின் துள்ளல் என்று தள்ளியிருக்கிறது. கம்பெனியில் அத்தனை பேரும் அமுக்கிப் பார்த்த பட்டன்தான் அது. அமுக்கிய விரல் எல்லாம் திடமான விரல்.

திரும்பும் வழியில் பட்டன் அக்கா அழுதார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மதியத்துக்குள் தலைகீழாக மாற்றி எழுதிவிட்டார், மொத்தம் ஒன்பது வரி. முதல் தொடுதலுக்கே மணி அடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு விநாடி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், யார் எவ்வளவு துள்ளினாலும் சரி.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பியில ஏதாவது கோளாறுல தானா மணி அடிச்சா? நர்ஸம்மா மறுபடி என்னைத் திட்டுவாங்க."

"சும்மா அடிச்சா ஒருத்தர் நடந்து வந்து பாத்துட்டுப் போவாங்க சார். அடிக்காமலே போனா?" என்றார் பட்டன் அக்கா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

எனக்கும் சுர்ரென்று வந்தது. "கம்பிக்கு நான் பொறுப்பு," என்றேன். "பன்னிரண்டுக்கும் வெளி மின்சாரம் தீண்டாத மாதிரி உறை போட்ட கம்பி மாத்தித் தரேன். அதுக்கப்புறமும் சும்மா அடிச்சா என்னைத் திட்டச் சொல்லுங்க." முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, செய்து தொலையுங்கள் என்றார். சனியும் ஞாயிறும் எனக்குக் கம்பியோடு போயிற்று.

திங்கட்கிழமை காலை மற்ற கட்டில்களை முடித்துவிட்டு ஒன்பதாம் கட்டிலுக்குக் கடைசியாக வந்தோம். அந்த அம்மா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். எட்டரைக்குக் கடையில் இருக்க வேண்டும், அப்போதே மணி எட்டு. போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பட்டன் அக்கா கட்டில் பக்கம் குனிந்தார். "மன்னிச்சுக்கங்கண்ணா. நீங்க கூப்பிட்டது எல்லாமே வந்து சேர்ந்துது. நான்தான் குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் கையைக் கொண்டுபோய்ப் பட்டனில் வைத்தார். விரல் அப்படியேதான் நடுங்கியது.

வராந்தாக் கோடியில் மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

நர்ஸ் செருப்புச் சத்தத்தோடு வேகமாக வந்தார். "என்னங்க, என்ன வேணும்?"

வந்தால் என்ன கேட்பது என்று அவர் யோசித்தே வைக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் எல்லோரையும் திருதிருவென்று பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இவளை அனுப்பி வைங்க சிஸ்டர்," என்றார். "வேலைக்கு நேரமாச்சு."