மேலே குத்தி வைத்த பதிவு

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், லிஃப்ட் வரப்போகிறது என்று ஒதுக்கி வைத்து, கடைசிவரை லிஃப்ட் வராமலே போன ஓர் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பெரிய சோபா ஒன்றை உள்ளே கொண்டுபோனால் ஆள் வெளியே நிற்க வேண்டும். அங்கேதான் ஊசி கடை போட்டாள். பழைய சோபா, நாற்காலி எதுவானாலும் துணியைப் பிரித்து, உள்ளே செத்துக் கிடக்கும் ஸ்பிரிங்கையும் தூளாகிப்போன ஃபோமையும் எடுத்தெறிந்துவிட்டு, புதிதாகக் கட்டித் துணி போர்த்தித் தருவது அவள் தொழில். ஊசி என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் கையில் இருக்கும் வளைந்த ஊசியைவிட வாய் கூர்மை. ஆனால் கோபம் தலைக்கேறினால் மட்டும் பேச மாட்டாள். குட்டி ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு சுத்தியலை எடுத்துவிடுவாள். அப்போது நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் பொறுமைசாலி, பாவப்பட்ட பிள்ளை என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் இங்கே பிழைக்க மட்டும் வரவில்லை. பழிவாங்க வந்தாள். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்கு முன் அவள் வேலை பார்த்தது பெரிய சாலையில் இருக்கும் அத்தானின் கடையில். அக்கா புருஷன். மனுஷனுக்கு நல்ல சட்டை, நல்ல குரல், வருகிறவர்களிடம் குழையக் குழையப் பேசத் தெரியும். ஸ்டேப்ளரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மட்டும் தெரியாது. அக்கா துணி வெட்டுவாள். மற்ற எல்லாமே இவள்தான். கடை ஈயோட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவள் தன் கைப்பேசியில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கினாள். குட்டிக் குட்டிப் பதிவாகப் போடுகிற தளம் அது. நாலைந்து வரிக்கு மேல் எழுத விடாது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம் ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது இவள் சோபாவைப் பேசவிட்டாள்.

‘மூன்று பேர் உட்காரும் சோபா நான். இந்த வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். கூடவே ஒரு நாய். என் ஸ்பிரிங் போனதற்கு நாயைத் திட்டுகிறார்கள்.’

‘பல் டாக்டரின் வரவேற்பறை நாற்காலி நான். என் கைப்பிடியில் இருக்கும் நகக்குறி எல்லாம் உள்ளே போகப் பயந்தவர்களுடையது.’

கூடவே பழைய கோலத்தில் ஒரு படம், புதுக் கோலத்தில் ஒரு படம். ஜனங்கள் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள், அப்புறம் தங்கள் வீட்டு சோபாவையும் பேச வைக்கச் சொல்லி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் போடுவாள். திட்டுகிறவர்களுக்கும் மரியாதையாகப் பதில் வரும். கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை என்கிற அளவுக்குக் கூட்டம் வந்துவிட்டது.

அப்போதுதான் அத்தானின் மூளை வேலை செய்தது. ஆள் இவ்வளவு சேர்ந்தாயிற்று, இனி இவள் எதற்கு? ஒருநாள் காலையில் இவள் பக்கத்தைத் திறக்கப் பார்த்தால் உள்ளே விடவில்லை. கடைக்கு ஓடினாள். அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“பாஸ்வேர்ட் மாத்திட்டேன். நீ கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடும்மா.”

“அத்தான், அந்தப் பக்கம் நான் ஆரம்பிச்சது.”

“யாரு இல்லேன்னா? ஆரம்பிச்சது நீதான். கடை யாருது?”

உள்ளே அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேசையில் விரித்த துணியையே பார்த்தபடி நின்றாளாம். தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

இத்தோடு விட்டிருந்தால்கூட இவள் நாலு நாள் அழுதுவிட்டு வேறு வேலை தேடியிருப்பாளோ என்னவோ. வாடிக்கையாளர்கள் ‘அந்தப் பொண்ணு எங்கே?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். உடனே அத்தான் ஒரு பதிவு போட்டார். ‘முன்பு எங்களிடம் வேலை பார்த்த ஒருவரின் கவனக்குறைவான வேலைக்காக வருந்துகிறோம். அவரை நீக்கிவிட்டோம். இனி எல்லாம் உரிமையாளரின் நேரடிப் பார்வையில்.’ பக்கத்தைத் திறந்தால் முதலில் அதுவே கண்ணில் படும்படி உச்சியில் குத்தியும் வைத்தார். அதற்குக் கீழே வரிசையாக இவள் செய்த சோபாக்கள், இவள் எடுத்த படங்கள், இவள் எழுதிய வரிகள்.

லிஃப்ட் வராத அறையில் தனியாகக் கடை போட்ட நாளிலிருந்து, அவள் என் கடைக்கு வந்து அதை எனக்குக் காட்டாத நாளில்லை.

“அண்ணே, இது கீழ இறங்கணும். இது இருந்த இடத்துல உண்மை ஏறணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

வீட்டில் அம்மா வேறு அவள் வாயை அடைக்கப் பார்த்தாள். “அக்கா வாழ்க்கைடி. கூடப் பொறந்தவளுக்காக இதைக்கூட பொறுத்துக்க மாட்டியா?” என்றாளாம். “கூடப் பொறந்தவ எனக்காக என்ன பண்ணா?” என்று இவள் கேட்டதும், சாப்பிட வா, ஆறிப்போகுது என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மாடியில் இருக்கும் வக்கீல், அவதூறு வழக்குப் போடலாம் என்று ஆசையாகச் சொன்னார். “தீர்ப்பு வர்றதுக்குள்ள நான் பண்ண சோபாவெல்லாம் மக்கிடும் சார்” என்று சொல்லிவிட்டாள். புதிதாக ஒரு பக்கம் தொடங்கினாள். முதலில் பின்தொடர்ந்தவன் நான், அடுத்து வக்கீல். அதன்பின் ரொம்ப நாள் வேறு யாரும் இல்லை. முதல் பதிவு இதுதான்: ‘லிஃப்ட் வராத அறை நான். காத்திருந்து அலுத்துப்போனேன். இப்போது சோபாக்கள் வருகின்றன.’

மறுநாள் அத்தானின் பக்கத்தில் அதே பதிவு. எழுத்துக்கு எழுத்து. கடைப் பெயரும் எண்ணும் மட்டும் அவருடையவை. ‘உங்கள் கடைக்கு மாடியே இல்லையே, லிஃப்ட் எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அத்தான் அதற்கு நன்றி என்று பதில் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இவள் எதை எழுதினாலும் அங்கே அது முளைத்தது. இங்கே பார்க்க ஆளில்லை, அங்கே ஆயிரக்கணக்கில் கைதட்டல். தளத்துக்குப் புகார் அனுப்பினாள். ‘பரிசீலித்தோம். விதிமீறல் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு அடித்த அடியில் என் சுவரில் மாட்டியிருந்த படம் விழுந்தது.

அப்போதுதான் பின்தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்றவர், அத்தான் கடையின் பழைய வாடிக்கையாளர், ஊசியின் பதிவுகளைப் பாராட்டி எழுதாத நாளில்லை. இவள் வெளியேறிய பிறகும் அங்கேயேதான் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார். புதுத்துணி போட்ட பிறகும் நாற்றம் போகவில்லை என்றார். ஊசி அதைக் கவிழ்த்து, அடித்துணியின் ஒரு மூலையைப் பிரித்தாள். புதுத் துணிக்குக் கீழே பழைய துணி, அதற்கும் கீழே தூளாகிப்போன ஃபோம். இவளுக்குப் பதில் அத்தான் கூலிக்குப் பிடித்த ஆட்கள் எதையும் கழற்றவே இல்லை.

“இதுக்குப் பேரு வேலையில்லண்ணே. அழுக்குச் சட்டை மேல புதுச் சட்டை மாட்டி விடுறது” என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு தொடர் எழுதினாள். ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து பதிவுகள்.

“உங்க அத்தான் இதையும் எடுப்பாரா? படிச்சுப் பார்த்தா எடுக்க மாட்டாரே?” என்று கேட்டேன்.

“அவரு முதல் வரிக்கு மேல எதையும் படிச்சதில்லண்ணே. கடைக்கு வர்ற பில்லையே அக்காதான் படிச்சுச் சொல்லணும்.”

முதல் பதிவு: ‘எங்கள் கைவேலையைப் பற்றி நாங்களே பெருமையடித்துக்கொள்ளலாமா? அடித்துக்கொள்வோம்!’ அடுத்த இரண்டிலும் சோபாக்களின் அரட்டை. நான்காவது: ‘உங்கள் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியின் ஒரு மூலையைப் பிரித்துப் பாருங்கள். புதுத் துணிக்குக் கீழே பழைய துணி இருந்தால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.’ ஐந்தாவது: ‘எங்கள் கடையில் செய்த எந்த சோபாவிலாவது அப்படி இருந்தால் கொண்டுவாருங்கள். காசு வாங்காமல் முழுவதும் பிரித்துப் புதிதாகச் செய்து தருவோம். இது எங்கள் வாக்கு.’

நான் பகிர்ந்தேன், வக்கீல் பகிர்ந்தார், கட்டடமே பகிர்ந்தது. மறுநாள் அத்தானின் பக்கத்தில் ஐந்தும் வரிசை மாறாமல் நின்றன.

“வாக்குக் குடுத்துட்டார்” என்றாள் ஊசி. அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு எத்தனை வீட்டில் சோபாவைக் கவிழ்த்தார்களோ தெரியாது. அத்தானின் பதிவுக்குக் கீழே படங்களாக வந்து கொட்டின. ஒரு வீட்டில் மூன்று துணி இருந்தது. இன்னொரு வீட்டில் ஃபோமுக்குப் பதில் கிழிந்த போர்வை. அத்தான் தொடரையே அழித்தார். அதற்குள் அவரவர் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். பழைய ஆள் செய்த வேலை என்று சாதித்துப் பார்த்தார். அந்த சோபாக்களின் படங்களைத் தேதியோடு அவரே ‘உரிமையாளரின் நேரடிப் பார்வையில்’ என்று போட்டிருந்ததை யாரோ எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்கள்.

நான் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரசித்துப் பார்த்தேன். பெரிய சாலையின் நடைபாதை முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு சோபாக்கள் கிடந்தன. நடுவில் அத்தான், நல்ல சட்டை முதுகோடு ஒட்டிப்போய், குழைவதற்குக் குரல் வராமல் நின்றார். ஊசி வரவில்லை. அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே அத்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட் வராத அறைக்கு வந்தார். எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். கேட்காமல் இருக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

“என்னம்மா இது? குடும்பத்துக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியதை இப்படி ஊரே பார்க்கப் பண்ணிட்டியே?”

“நீங்க ஊரு பார்க்கத்தானே குத்தி வெச்சீங்க அத்தான்?”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. அத்தனை சோபாவையும் பிரிச்சுப் பண்ணத் தெரிஞ்ச ஆள் எங்கிட்ட இல்ல. நீ திரும்பி வந்துடு.”

“நான் வர மாட்டேன். சோபாவை இங்க அனுப்புங்க, பண்ணித் தர்றேன். துணியும் ஃபோமும் நீங்க குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பதிவு இறங்கணும். அது பொய்னு அதே இடத்துல எழுதிக் குத்தணும்.”

“இறக்கிடறேன். எழுதறதெல்லாம் வேணாம்மா. என் மானமே போயிடும்.”

“அப்ப சோபாவை நீங்களே பண்ணுங்க. உங்க நேரடிப் பார்வையில.”

பிறகு அக்காவின் குரல் கேட்டது.

“போனைக் குடுங்க.”

“நீ சும்மா இரு.”

“சும்மா இருந்துதான் இந்த லட்சணம். குடுங்க.”

அக்கா எழுதுகிறவள் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருப்பாள். அத்தான் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். என் கைப்பேசியில் அது வந்து விழுந்தபோது நான் நின்றுகொண்டே படித்தேன்.

‘மேலே இருந்த பதிவு பொய். நீங்கள் பாராட்டிய சோபா எல்லாம் என் தங்கை செய்தவை. எழுதியதும் அவளே. அவளை வெளியே அனுப்பியபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.’

கடைசி இரண்டு வரிகளை ஊசி கேட்கவில்லை. அக்காவாகப் போட்டது.

பதில்கள் குவிந்தன. இதயங்கள், பூக்கள். ‘எங்களுக்கு அப்போதே தெரியும்’ என்று ஒருவர். ‘அந்தப் பொண்ணு கையை எங்களுக்குத் தெரியாதா’ என்று இன்னொருவர். ‘அந்தப் பதிவைப் பார்த்த அன்றே பொய் என்று புரிந்துவிட்டது. வாழ்த்துகள் கண்ணே’ என்று டீச்சரம்மா. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவளிடம் ஓடினேன்.

“பாரு, எல்லாருமே உன் பக்கம்தான் இருந்திருக்காங்க!”

அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அத்தான் மீதுகூட அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தெரியும் என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் கீழே தனித்தனியாக அவள் ஒரு வரி எழுதினாள்: ‘தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை?’

ஒருவரும் பதில் போடவில்லை. டீச்சரம்மா மட்டும் மறுநாள் நேரில் வந்தார்.

“குடும்பத் தகராறு, நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேம்மா.”

“நாற்காலியை மட்டும் அங்கேயே குடுத்தீங்க.”

“பக்கத்துல இருந்துச்சேன்னு...”

ஊசி உள்ளே போய் அவருடைய நாற்காலியைத் தூக்கி வந்தாள். வேலை முடிந்திருந்தது. ஓரத்தையல் ஒரு நூல்கூட கோணாமல் ஓடியிருந்தது. அதை வாசலில் வைத்தாள்.

“காசு வேணாம் டீச்சர். இனிமே வேற கடையைப் பாருங்க.”

டீச்சரம்மா போன பிறகு பார்த்தால் அக்கா வாசலில் நிற்கிறாள். ஊசி ஸ்டேப்ளர் முள் பிடுங்குகிற கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாயங்காலம்வரை சோபா பிரித்தார்கள். அக்கா வீட்டுக்குப் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்காவை மன்னிச்சிட்டியா?”

“இல்ல.”

“பின்னே? டீச்சரம்மா ஒண்ணும் கெடுதல் பண்ணல, அவங்களை வெளிய அனுப்பிட்டே. பண்ணவளை உள்ள விட்டிருக்கே?”

“அவ எழுதினாண்ணே” என்று சொல்லிவிட்டு, அடுத்த சோபாவைக் கவிழ்த்தாள்.